தேயும் மூளையும் அன்றாட வாழ்வும்

நுழையும்முன்

உண்டு கைகழுவிய சிறிது நேரத்தில், 'இன்னும் எனக்குச் சோறு போடவில்லையே' என்பார் பாட்டி. நாற்பது ஆண்டுகள் நடந்து பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பார் தாத்தா. வீட்டார் இதனைப் பிடிவாதம் என்பர். சிலர் நடிப்பு என்றும் சொல்லிவிடுவர். மூளைக்குள் நிகழும் தேய்வை அறிந்தவர்க்கு இச்செயல்கள் வேறு பொருள் தரும்.

ஒரு பெயர் மட்டும்

1901ஆம் ஆண்டு நவம்பர் 26. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரிலிருந்த மனநல மருத்துவமனையில், முந்தைய நாள் சேர்க்கப்பட்ட 51 வயதுப் பெண்மணியின் எதிரில் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் அமர்ந்திருந்தார். உங்கள் பெயர் என்ன என்று வினவினார். 'அகுஸ்தே' என்றார் அப்பெண்மணி. குடும்பப் பெயர் என்ன என்றபோதும் 'அகுஸ்தே' என்றார். கணவர் பெயரைக் கேட்டதற்கு, அதுவும் அகுஸ்தே என்றே நினைப்பதாக விடையளித்தார்.

மருத்துவர் அவரிடம் எழுதுகோல், பணப்பை, சாவி, சுருட்டு முதலிய பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் பிழையின்றி அவற்றின் பெயர்களைச் சொன்னார். சற்று நேரம் கழித்து, காட்டிய பொருள்கள் எவை என்று கேட்டபோது அவருக்கு ஒன்றும் நினைவில் இல்லை. நண்பகலில் காலிபிளவரும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் என்ன உண்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பசலைக்கீரை என்றார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகவும் அவர் கூறியதுண்டு. இவ்வுரையாடல்களை எல்லாம் அல்சைமர் வினாவும் விடையுமாகவே எழுதிவைத்தார்.

சாவியைச் சாவி என்று அறிந்தவர் சில நிமிடங்களில் அதனைக் கண்டதையே மறந்தது எவ்வாறு? ஓர் ஆற்றல் நிற்கவும் மற்றோர் ஆற்றல் மறையவும் காரணம் என்ன? அடுத்த நூற்றாண்டு முழுவதும் மூளை அறிவியல் விடை தேடிய வினாக்களுள் இதுவும் ஒன்று.

சொல் தரும் மயக்கம்

டிமென்ஷியா என்பதனைத் தமிழில் மறதிநோய் என வழங்குகிறோம். வழக்கில் ஊன்றிவிட்ட சொல் எனினும் அது நோயின் ஒரு பகுதியை மட்டுமே சுட்டுகிறது. கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது எல்லா வயதினர்க்கும் உரியது; முதுமையில் அது சற்று மிகும். கண்ணாடியைக் கையில் எடுத்த பின்னும் அது எதற்குரியது என விளங்காமல் விழிப்பது மறதியன்று. காலத்தையும் இடத்தையும் உணர்தல், வழி காணல், சொல் தேர்தல், திட்டமிடல், காண்பதைப் பொருளாகப் புரிந்துகொள்ளல் எனப் பல ஆற்றல்கள் குன்றி, அதனால் அன்றாட வாழ்வே தடைப்படும் நிலையைத்தான் மருத்துவர்கள் டிமென்ஷியா என்கின்றனர். ஆகவே 'அன்றாட வாழ்வு' என்பது இந்நோயின் வரையறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

டிமென்ஷியா என்பது தனி நோயின் பெயரும் அன்று. பல நோய்களால் விளையும் நிலைமை. அவற்றுள் அல்சைமர் நோயே பெரும்பான்மையது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்புப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5.7 கோடிப் பேர் இந்நிலையில் இருந்தனர். இந்தியாவில் 60 வயது கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இதற்கு ஆட்பட்டிருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தாரைவிடச் சிற்றூர்களில் வாழ்வோரிடமும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது மிகுதி என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

நுண்ணோக்கியில் கண்டவை

அகுஸ்தே 1906 ஏப்ரலில் இறந்தார். அப்போது மியூனிக் நகரில் பணியாற்றிக்கொண்டிருந்த அல்சைமர், அவருடைய மூளையை வருவித்து ஆராய்ந்தார். மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளி உப்பால் நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது இருவகைச் சிதைவுகள் தெரிந்தன. நரம்புச் செல்களுக்கு வெளியே ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் படிவுகள் காணப்பட்டன. செல்களுக்குள்ளே முறுக்கிய நூற்சிக்கல் போன்ற இழைகள் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அவர் இதனை எடுத்துரைத்தார். அவையில் எவரும் வினா எழுப்பவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து எமில் கிரெப்பலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் இதனை 'அல்சைமர் நோய்' எனக் குறித்த பின்னரே அப்பெயர் நிலைத்தது.

வெளியே படிந்த திட்டுகள் பீட்டா அமிலாய்டு என்னும் புரதத்தால் ஆனவை என்பது 1980களில் தெளிவாயிற்று. உள்ளே சிக்கலாகும் இழை டௌ என்னும் மற்றொரு புரதம். நரம்புச் செல்லின் நீண்ட இழைக்குள் சத்துப்பொருள்களைக் கொண்டுசெல்லும் நுண்குழல்கள் தண்டவாளங்கள் போல ஓடுகின்றன. டௌ புரதம் அத்தண்டவாளங்களைப் பிணைத்து நிறுத்தும் குறுக்குக்கட்டை போன்றது. அது பிடி நழுவித் தன்னோடு தானே முறுக்கிக்கொள்ளும்போது போக்குவரத்து நின்றுபோகிறது. முதலில் செல்களுக்கிடையேயான இணைப்புகள் அறுகின்றன. பின்னர்ச் செல்களே மடிகின்றன. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் உள்ளன. சிறு இழப்புகளை அது தாங்கும். இழப்பு பெருகப் பெருக மூளையின் மடிப்புகள் மெலிகின்றன, மடிப்புகளுக்கு இடையிலான பள்ளங்கள் அகல்கின்றன, நடுவேயுள்ள நீர்மம் நிறைந்த அறைகள் விரிகின்றன. ஸ்கேன் படத்தில் இது வெறுங்கண்ணுக்கே புலப்படும்.

முதலில் தேயும் இடம்

இச்சிதைவு மூளை முழுதும் ஒரே நேரத்தில் பரவுவதில்லை. ஹெய்கோ பிராக், ஈவா பிராக் என்னும் ஜெர்மானிய இணையர் பல மூளைகளை ஆராய்ந்து, டௌ சிக்கல்கள் பரவும் வரிசையை 1991இல் ஆறு படிநிலைகளாக வகுத்தனர். காதுகளுக்கு நேர் உட்புறமாக, மூளையின் அடியில் அமைந்த என்டோரைனல் புறணியில் அவை தோன்றுகின்றன. அதனை அடுத்துள்ள ஹிப்போகேம்பஸுக்குச் செல்கின்றன. அதன் பின்னரே மேற்புறணியின் பரந்த பகுதிகளை அடைகின்றன.

ஹிப்போகேம்பஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கடற்குதிரை என்பது பொருள். வளைந்த வடிவத்தால் அப்பெயர் பெற்ற அவ்வுறுப்பு மூளையின் இருபுறமும் ஒவ்வொன்றாக உள்ளது. இன்று கண்டதையும் கேட்டதையும் நாளைய நினைவாக மாற்றித்தருவது அதன் பணி. நலமுள்ள முதியவர்க்கு அது ஆண்டுதோறும் ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு சுருங்குகிறது. அல்சைமர் நோயாளிக்கோ நான்கு முதல் ஐந்து விழுக்காடு. பழைய நினைவுகள் பெரும்பாலும் புறணியில் பரவிப் பதிந்தவை. ஆகவே அவை நெடுங்காலம் தப்பிக்கின்றன. திருமண நாளில் யார் யார் வந்தனர் என்பதை ஒருவர் நிரல்படச் சொல்வார்; காலையில் வந்துபோன மகளை 'வரவே இல்லை' என்பார். இதில் முரண் ஏதுமில்லை. முன்னது பதிந்த நினைவு. பின்னது பதியவே இல்லை. பதியாத ஒன்றை 'நன்றாக யோசித்துப் பாருங்கள்' என்று வற்புறுத்துவதால் பயனும் இல்லை.

ஒரே வினாவை அரைமணியில் பத்துமுறை கேட்பதும் இவ்வாறே. கேட்பவர்க்கு ஒவ்வொரு முறையும் அது முதல்முறை. விடை சொல்லும் வீட்டார்க்குத்தான் அது பத்தாம் முறை.

வழி தவறுதலுக்கும் இப்பகுதியின் தேய்வே காரணமாகிறது. எலியொன்று ஓர் அறையில் குறிப்பிட்ட இடத்திற்கு வரும்போது மட்டும் விழித்தெழும் செல்கள் ஹிப்போகேம்பஸில் இருப்பதை ஜான் ஓகீஃப் 1971இல் அறிவித்தார். கட்டக்கோடுகள் போட்ட வரைபடம்போல இடத்தை அளந்துகாட்டும் செல்கள் என்டோரைனல் புறணியில் இருப்பதை நார்வே நாட்டு மோசர் இணையர் 2005இல் கண்டறிந்தனர். மூவர்க்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளைக்குள் இருக்கும் இவ்வரைபடத்தின் மீதே நோய் முதலில் கைவைக்கிறது. பேச்சில் குறையேதும் தெரியாத நிலையிலும் பழகிய சந்தைக்குச் சென்றவர் வீடு திரும்பத் தடுமாறுவது அதனால்தான்.

கண் காண்கிறது, மூளை காணவில்லை

நோய் பின்னும் பரவி, உச்சந்தலைக்குக் கீழே பின்புறமாக அமைந்த உச்சிக்கதுப்பை அடையும்போது இடமும் வடிவமும் குழம்புகின்றன. வில்லியம் உட்டர்மோலன் என்னும் ஓவியர் அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்தவர். 1995இல் அவர்க்கு அல்சைமர் நோய் உறுதிசெய்யப்பட்டது. அதன் பின்னும் அவர் சில ஆண்டுகள் தம் முகத்தைத் தாமே வரைந்துவந்தார். தொடக்கப் படங்களில் முகம் முகமாகவே இருக்கிறது. பிந்திய படங்களில் கண்ணும் மூக்கும் இடம்பெயர்கின்றன, தலையின் எல்லைக்கோடு கலைகிறது. கைத்திறன் போகவில்லை, உறுப்புகளை உரிய இடத்தில் பொருத்தும் ஆற்றலே போயிற்று. மருத்துவர்கள் நோயாளியைக் கடிகார முகமொன்று வரையச் சொல்வதும் இதனை அறியவே. எண்கள் பன்னிரண்டையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிடுவார் சிலர்.

வீட்டில் இதே குறை வேறு உருவில் வெளிப்படும். சட்டையின் கைப்பகுதியில் காலை நுழைப்பார். தரையிலுள்ள கறுப்புப் பட்டையைப் பள்ளம் எனக் கருதி நின்றுவிடுவார். நாற்காலியின் விளிம்பில் அமர முயன்று விழுவார். கண்மருத்துவரிடம் அழைத்துச்சென்றால் கண்ணில் குறையில்லை என்ற விடையே கிடைக்கும்.

நிறவேறுபாட்டைப் பிரித்தறியும் திறனும் குன்றுவதுண்டு. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் நோய் முற்றிய ஒன்பது பேருக்கு வழக்கமான வெள்ளைத் தட்டுக்கு மாற்றாகப் பளிச்சிடும் சிவப்புத் தட்டில் உணவிட்டுப் பார்த்தனர். அவர்கள் உண்ட அளவு ஏறத்தாழ 25 விழுக்காடு கூடியது. 2004இல் வெளியான இவ்வாய்வு சிறியதே, ஆனால் எளிமையானது. உணவை வெறுக்கிறார் எனக் கருதப்பட்டவர்களுள் சிலர்க்கு உணவு கண்ணில் படவில்லை என்பதே உண்மை. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் இட்டு உண்ணவில்லையே என வருந்தும் வீடுகள் நம்மிடையேயும் உண்டு. வாழையிலையில் இட்ட சோறு எவ்வளவு பிரிந்து தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குவளைக் காப்பி

நெற்றிக்குப் பின்னுள்ள முன்கதுப்பு செயல்களை நிரல்படுத்துகிறது. காப்பி போடுவது எளிய வேலையாகத் தோன்றும். பாலைக் காய்ச்ச வேண்டும். அது பொங்குமுன் தூளில் வெந்நீர் ஊற்றி வடிகட்ட வேண்டும். சர்க்கரை இட்டோமா என்பதை நினைவில் வைக்க வேண்டும். இறுதியில் அடுப்பை அணைக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் தனியே செய்யத் தெரிந்தவர்க்கும் அவற்றைக் கோத்துச் செய்ய முன்கதுப்பு தேவை. அது தளரும்போது சர்க்கரை இருமுறை விழுகிறது, அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அருகில் ஒருவர் நின்று 'இப்போது பாலை ஊற்றுங்கள்' எனப் படிப்படியாகச் சொன்னால் அதே கை காப்பி போட்டுவிடுவதும் உண்டு.

அன்றாடச் செயல்களை மருத்துவ உலகம் இரு தொகுதிகளாகப் பிரிக்கிறது. பணத்தைக் கணக்கிடல், மருந்தை வேளைக்கு உட்கொள்ளல், சமைத்தல், தொலைபேசியில் பேசுதல், பயணம் செய்தல் போன்ற சிக்கலான செயல்களை 1969இல் லாட்டன், பிராடி என்பவர்கள் அளவுகோலாக்கினர். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லல், எழுந்து நடமாடல், உண்ணல் போன்ற அடிப்படைச் செயல்களைச் சிட்னி காட்ஸ் 1963இலேயே வரிசைப்படுத்தியிருந்தார். பெரும்பாலும் முதல் தொகுதிதான் முன்னே குலைகிறது. குழந்தை கற்றுக்கொண்ட வரிசைக்கு நேர்மாறாக இவ்வாற்றல்கள் நீங்குவதைக் காட்ஸ் சுட்டிக்காட்டினார். உண்ணக் கற்றதே முதல். அதை இழப்பதே கடைசி. இவ்வொப்புமையைப் பிடித்துக்கொண்டு முதியவரைக் குழந்தையாக நடத்துவோர் உளர், அது பொருந்தாது. ஆற்றல் குறைந்தாலும் எழுபது ஆண்டு வாழ்ந்த தன்மதிப்பு அவரிடம் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

எல்லா டிமென்ஷியாவும் மறதியில் தொடங்குவதில்லை. முன்கதுப்பும் பொட்டுக்கதுப்பும் முதலில் தேயும் வகையில் நினைவு நன்றாக இருக்க, நடத்தை மாறும். அமைதியானவர் அவையறியாது பேசுவார். ஆர்னால்டு பிக் என்னும் பிராகு நகர மருத்துவர் 1892இல் இத்தகைய மூளைத்தேய்வை விவரித்தார். லெவி பொருள்கள் என்னும் புரதத் திரள்களால் வரும் வகையில் இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றும். மூளைக் குருதிக்குழாய் அடைப்பால் வரும் வகையில் ஆற்றல்கள் படிகளில் இறங்குவதுபோலத் திடீர் திடீரெனக் குறைவதுண்டு.

தங்கிநிற்பவை

எது போகிறது என்பதற்கு இடம் காரணம் எனில், எது நிற்கிறது என்பதற்கும் இடமே காரணம். மிதிவண்டி ஓட்டுதல், பூத்தொடுத்தல், நெசவு போன்ற கைப்பழக்கங்கள் ஹிப்போகேம்பஸை நம்பியிருப்பவை அல்ல. மூளையின் அடியாழத்திலுள்ள நரம்புத் திரள்களும் சிறுமூளையும் அவற்றைக் காக்கின்றன. இப்பகுதிகளை அல்சைமர் நோய் காலந்தாழ்த்தியே குலைக்கிறது. பேரன் பெயரை மறந்தவர் கையில் பூவும் நாரும் கொடுத்தால் சரம் வளர்வதைக் காணலாம்.

உணர்ச்சியும் அவ்வாறே நினைவைவிட நீண்டு நிற்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குத் துயரக் காட்சிகளும் பின்னர் மகிழ்ச்சிக் காட்சிகளும் கொண்ட படத்துணுக்குகள் காட்டப்பட்டன. சில நிமிடங்களில் அவர்கள் படத்தில் கண்டதை ஏறக்குறைய மறந்துவிட்டனர். ஆனால் துயரமும் மகிழ்ச்சியும் மறையவில்லை. காரணம் அறியாமலே அவர்கள் அவ்வுணர்ச்சியில் இருந்தனர். மிகக் குறைவாக நினைவுகூர்ந்தவர்களிடம் துயரம் கூடுதலாகத் தங்கியதும் தெரியவந்தது. காலையில் கடிந்துகொண்ட சொல்லை நோயாளி மறந்துவிடுவார். அச்சொல் தந்த வாட்டம் மாலைவரை அவர் முகத்தில் இருக்கக்கூடும். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பிள்ளைகள் வந்து பேசிச் சிரித்துப் போனதை அவர் மறப்பதும், அன்று முழுவதும் மலர்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

மூளையைக் கொண்டு அனைத்தையும் கணிக்கலாமா?

மூளையில் இவ்வளவு தேய்வு இருந்தால் வாழ்வில் இவ்வளவு இழப்பு இருக்கும் எனக் கணக்கிட்டுவிடலாம் எனத் தோன்றும். அக்கணக்கைக் குலைத்த ஆய்வும் உண்டு. டேவிட் ஸ்னோடன் 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 678 கன்னித்துறவியர் பங்கேற்றனர். ஆண்டுதோறும் நினைவுச் சோதனைகளுக்கு இசைந்த அவர்கள், இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கு அளிக்க உடன்பட்டனர். அவர்களுள் மேரி என்பவர் 84 வயதுவரை ஆசிரியப்பணி ஆற்றி, 101 வயதில் இறந்தார். இறுதிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். அவருடைய மூளையிலோ அமிலாய்டு திட்டுகளும் டௌ சிக்கல்களும் மிகுதியாக இருந்தன.

ஒரே அளவு சேதம் இருவரிடம் இருவேறு விளைவு தருவதை அறிவியலார் மூளையின் 'சேமிப்பாற்றல்' கொண்டு விளக்குகின்றனர். கல்வி, மொழி, உறவாடல் ஆகியவற்றால் மிகுதியான இணைப்புகளைப் பெற்ற மூளை, ஒரு பாதை அடைபட்டால் மாற்றுப்பாதையில் சென்று பணியை முடிக்கிறது. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இதற்கு அரண் செய்கிறது. ஒரு மொழி மட்டும் பேசியோரைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகள் பேசியோர்க்கு நோயின் அறிகுறிகள் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றியிருந்தன. எழுத்தறிவு பெறாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. தெலுங்கும் உருதும் தெருவிலேயே கலந்து புழங்கும் நகரில் பலமொழி பேசப் பள்ளிக்குச் செல்ல வேண்டியதில்லை. மொழிகள் நோயைத் தடுப்பதாக இதனைக் கொள்ளக்கூடாது. தேய்வு நடந்துகொண்டிருக்க, வாழ்வு சற்றுக் கூடுதல் காலம் தாங்குகிறது என்பதே இதன் பொருள்.

நீலக் கோப்பு

அகுஸ்தேவைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் நெடுங்காலம் காணாமற்போயிருந்தன. பிராங்பர்ட் மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தில் 1995 டிசம்பரில் அக்கோப்பு மீண்டும் கிடைத்தது. அல்சைமர் கைப்பட எழுதிய வினாவிடைகளோடு அகுஸ்தேவின் கையெழுத்தும் அதில் இருந்தது. 'திருமதி அகுஸ்தே' எனத் தொடங்கும் தம் பெயரை எழுதுமாறு மருத்துவர் பணித்தபோது, அவர் 'திருமதி' என்னும் சொல்லை எழுதிவிட்டு நிறுத்தினார். எஞ்சியது மறந்துபோயிருந்தது, ஒவ்வொரு சொல்லையும் மருத்துவர் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்து வடிவங்கள் கைக்குத் தெரிந்திருந்தன. எழுத வேண்டிய சொல்தான் அதுவரை தங்கவில்லை.